கை பட்ட சோளம்

புருஷன் பிணத்தை எதிரே வைத்துக்கொண்டு ஞாலோங்வே குதிர் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தால் ஊர் காறித் துப்பும். துப்பட்டும். வெட்சனுக்கு இனிமேல் பசிக்காது. மூன்று பிள்ளைகளுக்கும் நாளைக் காலையிலேயே பசிக்கும். அடுத்த அறுவடை வரைக்கும் அவர்கள் தின்ன வேண்டிய சோளம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் மூங்கில் குதிரில் இருந்தது. அதைத் தவிர அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு மண்ணும் கிடையாது.

ரும்பி மலையடிவாரத்தில் ஜனவரி என்றால் கெட்ட மாதம். வயலில் சோளம் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், வீட்டில் அடுப்பு தூங்கும். பாதி ஊர் மாங்காயையும் காட்டுக்கீரையையும் தின்று வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஞாலோங்வேயின் குதிர் மட்டும் கழுத்துவரை நிறைந்திருந்தது என்றால் அது தானாக நிறையவில்லை. இருமலில் படுத்த பிறகு வெட்சன் மண்வெட்டியைத் தொட்டதில்லை. விதைத்தது, களை கொத்தியது, கதிர் ஒடித்தது, தலையில் சுமந்துவந்து கொட்டியது எல்லாம் அவள்தான். "அந்தக் குதிருக்கு வாயிருந்தா உன்னைத்தான்டி அம்மான்னு கூப்பிடும்" என்று பக்கத்து வீட்டு ஞாசோக்கோ கேலி செய்வாள்.

யோத்தாமு வெட்சனின் தம்பி. முசூசு டவுனில் மரக்கடை வைத்திருந்தான். அண்ணன் இருமி இருமி எலும்பாய்ப் போன காலமெல்லாம் எட்டிப் பார்க்காதவன், செத்தான் என்று கேட்டதும் லாரி பிடித்து விடியும்போது வந்து இறங்கிவிட்டான். சவப்பெட்டி கொண்டுவந்தான். நல்ல பெட்டிதான், பளபளவென்று பாலிஷ் போட்டது. ஆனால் ஒரு பெட்டியைக் கொண்டுவர எதற்கு அவ்வளவு பெரிய லாரி? துக்கப் பாயில் உட்கார்ந்தபடி ஞாலோங்வே இதைத்தான் யோசித்தாள்.

பதிலை அவனே சொன்னான். பெட்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "அண்ணி, குதிர் விஷயமா நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. நான் அதுக்காக வரல. சத்தியமா அதுக்காக வரல" என்றான்.

குதிர் பற்றி யார் வாயைத் திறந்தார்கள்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். ஆனால் புருஷனை இழந்தவளுக்கு எந்த ஊரில்தான் வாய் வைத்திருக்கிறார்கள்? பெட்டி வாசலைத் தாண்டும்வரை அவள் பாயைவிட்டு எழக்கூடாது. எதிர்த்துப் பேசக்கூடாது. தீட்டுக் குளியல் முடியும்வரை அவள் கை பட்டதை வேறு யாரும் வாயில் வைக்கக்கூடாது. குளித்த பிறகு வீட்டார் தின்னலாம், ஆனால் அந்த நாட்களில் அவள் தொட்ட தானியம் அந்த வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது, தாண்டினால் போன வீட்டுக்குச் சாவும் கூடவே போகும் என்பார்கள். நேற்றுவரை அந்தக் கை கிண்டிய சோளமாவுச் சிமாக்களியை விரல் நக்கித் தின்றவர்கள், இன்றைக்கு அவளுக்கென்று ஒரு உடைந்த பீங்கான் குவளையைத் தனியாக வைத்திருந்தார்கள்.

கடைக்குட்டிப் பெண் ஒரு துண்டு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பாய்க்கு வந்தாள். கிழங்கு கை தவறி விழுந்தது. ஞாலோங்வே யோசிக்கவே இல்லை. எடுத்து, மண்ணைத் தட்டி, பிள்ளை கையில் கொடுத்தாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

"அண்ணி! கை! கை!" என்று கத்திக்கொண்டு யோத்தாமு பாய்ந்து வந்தான். பிள்ளை வாய்க்குப் போன கிழங்கைப் பிடுங்கி வாசலில் எறிந்தான். "புத்தியிருக்கா உங்களுக்கு? சாவு ஒட்டியிருக்கு அந்தக் கையில! எங்க அண்ணன் புள்ளையையும் கொல்லப் பாக்குறீங்களா?"

பிள்ளை வீறிட்டு அழுதது. எறிந்த கிழங்கைக் கோழி ஓடிவந்து கொத்தியது, அதற்குச் சாத்திரம் தெரியாது. ஞாலோங்வே தன் கையைப் பார்த்தாள். மண்வெட்டிப் பிடி காய்த்த கை. மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

விடிந்து வெயில் ஏறியதும் ஊர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு அந்த ஊரில் எவளும் வெறுங்கையோடு வரமாட்டாள். சுளகில் மாவு வரும். வீட்டில் இருப்பதைப் பொறுத்து ஒரு குவியலோ ஒரு பிடியோ, ஆனால் வரும். முதலில் மாவை வைப்பாள், பிறகுதான் அழுவாள். அந்த மாவைத்தான் கிண்டி வந்தவர்களுக்கெல்லாம் போடுவார்கள். மிஞ்சுவது பாயில் உட்கார்ந்திருப்பவளுக்கு. கைம்பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவது கொஞ்ச நாளைக்கு அதை வைத்துத்தான். மாவு வைத்தவளுக்குத்தான் துடுப்பு பிடித்துக் களி கிண்டுகிற உரிமையும். பிச்சை போடுகிற காரியமில்லை அது. இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு.

யோத்தாமு ஒற்றையடிப் பாதையின் முனையிலேயே நின்று அவர்களை மறித்தான்.

"மாவெல்லாம் எதுக்கும்மா? திருப்பிக் கொண்டு போங்க. எங்க அண்ணன் ஒண்ணும் பிச்சைக்காரனாச் சாகல. அவன் குதிர்ல இருக்கு ஊருக்கே போட. எங்க சாவுலா குடும்பத்துச் சாவுன்னா என்னன்னு ஊரு பாக்கட்டும்!"

உள்ளே பாயில் இருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவள் சோளம், அவன் பெருமை. குதிரும் காலியாகும், மாவும் வராது. சாவு வீட்டுக் கூட்டம் கலைந்தபிறகு பிள்ளைகளுக்கு எதைக் கிண்டிப் போடுவாள்? சவப்பெட்டி பாலிஷையா?

ஞாசோக்கோ உள்ளே வந்தாள். கையில் சுளகு இல்லை. அவள் பேச்சு எப்போதும் ஊர் முழுக்கக் கேட்கும், அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"என் மாவத் திருப்பி அனுப்பிட்டான்டி. என்னோடதக்கூட விடு. அந்தக் கண்ணு தெரியாத கிழவி, கடைசி நாலு கதிர உதிர்த்து உரல்ல இடிச்சு ஒரு பிடி கொண்டு வந்தா பாரு, அவளையும் போன்னுட்டான். பாதையிலயே நின்னு அழுவுறா. அழக்கூட வழியில்லாமப் போச்சே எனக்குங்கறா."

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் கூரை சரசரத்தது. குதிரின் புல் கூரையைக் கம்பு கொடுத்துத் தூக்கினால் வருகிற சத்தம். பிறகு கதிர்கள் மூட்டையில் விழும் சத்தம். பிறகு மணி உதிர மூட்டையைத் தடியால் அடிக்கும் சத்தம். ஒவ்வொரு அடியும் ஞாலோங்வேயின் முதுகில் விழுந்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள் மெதுவாக.

ஞாசோக்கோ போய்விட்டு வந்தாள். "மில்லுக்கு அரைக்கப் போனது ரெண்டு மூட்டை. லாரி நிழல்ல அடுக்கியிருக்கிறத எண்ண என் விரல் பத்தல. என்னடா இதுன்னு கேட்டா, 'விருந்துக்கு எடுத்தது, சிந்தாம ஓரமா வச்சிருக்கோம்'ங்கறான். எரியற வீட்டுல புடுங்கற பய."

"ஊர்த்தலைவர் என்ன சொல்றாரு?"

"அவரு என்னத்தச் சொல்வாரு? புதுக் கோட்டு போட்டுட்டு மரத்தடியில ஒக்காந்திருக்காரு. காலைலதான் யோத்தாமு கொடுத்தானாம். 'அது அண்ணன் தம்பி சொத்து, பொம்பளைங்க பேசறதுக்கில்ல'ங்கறாரு."

ஞாலோங்வேக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை. எதிரே வெட்சன் பெட்டிக்குள் அமைதியாகப் படுத்திருந்தான். அவன் மேலும் கோபம் வந்தது. நல்லவன்தான், ஒரு நாள் கை நீட்டியதில்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது தம்பியை ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் இன்றைக்கு இவனுக்கு இந்தத் துணிச்சல் வருமா?

"இருடி" என்று ஞாசோக்கோ இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டினாள். "நீ பாயில இரு. நாங்க இன்னும் சாகல."

வெளியே மூன்று பெரிய பானைகளில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மில்லிலிருந்து மாவு வந்திறங்கியது. துடுப்புகள், படகுத் துடுப்பு அளவுக்கு, பானை ஓரமாகச் சாத்தியிருந்தன. பெண்கள் ஒருத்தியும் கிட்டே போகவில்லை. ஞாசோக்கோ மூன்று துடுப்புகளையும் எடுத்தாள். ஒவ்வொரு பானையின் வாய்க்கும் குறுக்கே ஒன்றைப் படுக்கவைத்தாள். பிறகு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, சர்ச் மாதர் சங்கத்துப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் காலை நீட்டிக்கொண்டு பாடினார்கள். சாவு வீட்டுக்கு ஏற்ற பாட்டுதான். யாராலும் குறை சொல்ல முடியாது.

யோத்தாமு வந்தான். "ஏம்மா, தண்ணி வத்துது. கிண்டலையா?"

"எங்க மாவு வேணாம்னே. சரி. எங்க கையும் வேணாம்" என்றாள் ஞாசோக்கோ.

"மாவுதான் மூட்டை மூட்டையா இருக்கே!"

"இருக்கட்டும். கிண்டிக்கோ. டவுன்ல எல்லாம் மெஷின்ல பண்றாங்களாமே, கொண்டாரலியா?"

பெண்கள் பாட்டை விடாமல் சிரித்தார்கள். யோத்தாமுவின் பெண்டாட்டி, பொய்முடியும் நீள நகமுமாக, 'இதென்ன பிரமாதம்' என்று வந்தாள். கூழ் பதம் வருமுன்னே மாவை அள்ளிக் கொட்டினாள். துடுப்பைப் பிடித்து இழுத்தாள், அது வரவில்லை. சூட்டுக் குமிழ் ஒன்று வெடித்து முழங்கையில் தெறித்தது. ஐயோ அம்மா என்று துடுப்பை விட்டுவிட்டு லாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பானைக்குள் களி உருண்டை உருண்டையாகக் கட்டி தட்டி நின்றது.

"பன்னிக்கு வைக்கலாம்" என்று எட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள். "பன்னி திங்குமான்னு கேக்கணும்" என்றாள் இன்னொருத்தி.

அதற்குள் குழி வெட்டினவர்கள் மண்ணும் வேர்வையுமாக வந்துவிட்டார்கள். அவர்களுக்குத்தான் முதல் தட்டு. அவர்கள் தின்றால்தான் பெட்டியைத் தூக்குவார்கள். தட்டு இல்லை என்றதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தடியில் படுத்தார்கள். மேற்கே மலைமேல் மேகம் கறுத்தது. மழை வந்தால் குழியில் தண்ணீர் நிற்கும். பெட்டி இன்னும் வீட்டுக்குள் இருந்தது.

இப்போதுதான் ஊர்த்தலைவருக்குக் கால் வந்தது. புதுக் கோட்டோடு உள்ளே வந்தார், பின்னாலேயே யோத்தாமுவும்.

"மகளே, நீ ஒரு வார்த்த சொன்னா அவளுங்க கிண்டுவாளுங்க. உன் புருஷன் கெடக்குறான் பாரு."

ஞாலோங்வே பார்த்தாள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அறையில் வாடை லேசாக ஆரம்பித்திருந்தது. அவள் ஒரு சொல் சொன்னால் அவன் காலாகாலத்தில் மண்ணுக்குள் போவான், மரியாதையாக. பிள்ளைகளின் சோளமும் கூடவே போகும். சொல்லாவிட்டால், புருஷனை நாறவிட்டவள் என்று சாகும்வரை பேசுவார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவள் தலையில் கட்டுகிறார்கள், இதைக் கொண்டுவந்தவன் கைக்குட்டையோடு நிற்கிறான்!

"அண்ணனை நாறடிச்சுப் பாக்கணும்னு ஆசையா அண்ணி?" என்றான் யோத்தாமு. அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க ஒக்காந்து முணுமுணுத்தா அவளுங்களுக்குக் கேக்காது. எந்திரிங்க. வெளிய வந்து எல்லார் முன்னாடியும் உங்க வாயால சொல்லுங்க."

"பாயை விட்டா..." என்று தலைவர் இழுத்தார்.

"இந்தக் காலத்துல பாய் என்ன பாய்! எந்திரிங்கன்னா!"

ஞாலோங்வே தலை நிமிர்ந்தாள். "நீதானே எந்திரிக்கச் சொல்ற, தம்பி?"

"ஆமா, நான்தான் சொல்றேன்."

"தலைவரே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

எழுந்தாள். அவள் வாசலைத் தாண்டியதும் பாட்டு நின்றுபோயிற்று. கூட்டம் அவசரமாக விலகி வழிவிட்டது, எவர்மீதும் அவள் நிழல்கூடப் படக்கூடாதே. எல்லாரும் பானைப் பக்கம் போவாள் என்று பார்த்தார்கள். அவள் லாரிக்குப் போனாள்.

முதல் மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கலக்கினாள். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, நிதானமாக. கடைசி மூட்டையையும் கலக்கிவிட்டு, அடுப்பருகே இருந்த மில் மாவுக்கு வந்து அதிலும் இரண்டு கையையும் புதைத்தாள். வெள்ளையாக எடுத்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. எல்லாத்தையும் தொட்டுட்டேன்" என்றாள்.

லாரி டிரைவர்தான் முதலில் பின்வாங்கினான். "அண்ணே, நான் இத ஏத்த மாட்டேன். எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு."

"முட்டாப்பயலே!" யோத்தாமு கத்தினான். "எல்லாம் மூடப்பழக்கம்! சோளம் சோளம்தான். டவுன்ல வாங்கித் திங்கறவனுக்கு எவ கை பட்டதுன்னு தெரியவா போவுது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மரத்தடியில் படுத்திருந்த குழிவெட்டிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைவர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டவுன்ல விக்கவா எடுத்த? விருந்துக்குன்னியே?" என்றாள் ஞாசோக்கோ.

ஞாலோங்வே சின்னப் பானை ஒன்றை எடுத்து, கொதிக்கிற தண்ணீரை மொண்டு ஊற்றி, களி கெட்ட பானையை இறக்கிவிட்டு அந்த அடுப்பில் வைத்தாள். கூழாகக் காய்ச்சினாள், குமிழி வரட்டும் என்று காத்திருந்தாள், மாவைப் போட்டுக் கிண்டினாள். பானைச் சுவரில் துடுப்பு மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. கட்டி தட்டாமல், வழுவழுவென்று களி திரண்டது. தட்டில் போட்டு, கீரையை ஓரமாக வைத்து, யோத்தாமுவின் முன்னால் தரையில் வைத்தாள்.

"சாப்பிடு, தம்பி."

"எனக்கு... எனக்குப் பசியில்ல."

"விடியும்போது வந்தவன். இதுவரைக்கும் ஒண்ணும் திங்கல. பசிக்காமலா இருக்கும்? மூடப்பழக்கம்தானே? அண்ணன் சோளம் உன் சொத்துதானே? சொத்த ஒரு வாய் தின்னு பாரு. நீ தின்னுட்டா இந்த மூட்டையெல்லாம் நானே தூக்கி லாரில வைக்கிறேன்."

யோத்தாமு உட்கார்ந்தான். உட்காராமல் முடியாது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கவளம் பிய்த்தான். உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான். வாய்வரைக்கும் கொண்டுபோனான், திரும்பவும் உருட்டினான்.

"ஏன்டா, கோலி விளையாடப் போறியா?" என்றாள் ஞாசோக்கோ. இந்தத் தடவை ஆண்களும் சிரித்தார்கள்.

ஞாலோங்வே சிரிக்கவில்லை. "காலைல என் புள்ள வாயிலிருந்து கிழங்கப் புடுங்கி எறிஞ்சியே, அப்ப எங்கடா போச்சு உன் டவுன் புத்தி? பெத்த புள்ளைக்கு ஆகாத கை, நீ விக்கிற சோளத்துக்கு மட்டும் ஆகுமா? இந்தக் கையிதான்டா உங்க அண்ணனுக்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. இந்தக் கையிதான் அந்தக் குதிர நெரப்புச்சு. அப்பல்லாம் இதுல சாவு ஒட்டல. பாயில ஒக்காந்ததும் ஒட்டிக்கிச்சு. சரி, ஒட்டியே இருக்கட்டும்! நீங்க வச்ச தீட்டுதானே? இன்னிக்கு அது எனக்குக் காவல் இருக்கட்டும்!"

யோத்தாமு கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். லாரி கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "வாசலைத் தாண்டக்கூடாத சோளம் குதிர்லதான் இருக்கணும்" என்றார், என்னமோ காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி. மூட்டைகளைத் தொட எவரும் வரவில்லை. ஞாலோங்வேயே ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்க் குதிருக்குள் கவிழ்த்தாள். அறுவடையின்போதும் அவள்தானே சுமந்தாள்.

அவள் கடைசி மூட்டையைக் கவிழ்க்கும்போது பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தங்கள் சுளகுகளோடு திரும்பியிருந்தார்கள். கண் தெரியாத கிழவியை ஞாசோக்கோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதலில் நிறுத்தினாள். கிழவி அந்த ஒரு பிடி மாவை வைத்தாள், பிறகு ஆசைதீர ஒப்பாரி வைத்தாள். கெட்டுப்போன பானையைக் கவிழ்த்துவிட்டு, மற்ற இரண்டிலும் துடுப்புகள் இறங்கின. குழிவெட்டிகள் தின்றார்கள். முதல் தூறல் விழும்போது வெட்சன் மண்ணுக்குள் போய்விட்டான்.

கூட்டம் கலைந்தது. மூலையில் பாய்க்குப் பக்கத்தில் மாவு குவிந்திருந்தது. பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கிவிட்டார்கள். லாரி வெறுமையாக மலைப்பாதையில் முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

யோத்தாமு விட்டுப்போன தட்டு வாசலிலேயே இருந்தது. ஆறி, மேலே தோல் கட்டி, அவன் உருட்டிய கவளம் ஓரமாக. யாரும் தொடவில்லை, தொடவும் மாட்டார்கள். ஞாலோங்வே அதை எடுத்துவந்து பாயில் உட்கார்ந்தாள். அந்தக் கவளத்தை எடுத்து நாய்க்கு எறிந்தாள். மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தாள். நேற்றிலிருந்து அவளும் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

தட்டு தீர்ந்தபிறகு சின்னப் பானையை மடியில் வைத்து, அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டினாள். பாதி சுரண்டியதும் கை நின்றுவிட்டது. காந்தல் வெட்சனுடையது. படுக்கையில் எழ முடியாமல் கிடந்தபோதும், பானை சுரண்டுகிற சத்தம் கேட்டால் "எனக்கு வையிடி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பானையைக் கட்டிக்கொண்டு, இருமலுக்குத் தூங்காத அத்தனை இரவுக்கும் சேர்த்து, சத்தம் போட்டு அழுதாள்.

ஞாசோக்கோ பாயோரமாக வந்து உட்கார்ந்தாள். தொடக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சனியன் பிடித்த சாத்திரம் என்று முனகிக்கொண்டே கையை நீட்டி, பானையிலிருந்து ஒரு துண்டு காந்தலைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

"அழு" என்றாள். "நல்லாத்தான்டி கிண்டியிருக்க."